காபித் தட்டு குலுங்கக் கூடாது

இந்த சீட்டுல ஆள் வருதா தாயி? வரலையா? அப்ப கொஞ்சம் சன்னல் பக்கம் தள்ளிக்க. பையை மடியிலயே வெச்சுக்கிறேன், கீழ வெச்சா மிதிச்சுப்புடுவாக. அப்பாடா. முன்னாடி ஒரு அம்மா பக்கத்துல எடம் இருந்துச்சு. இருந்தாலும் உன் கழுத்துல கார்டு தொங்குறதைப் பாத்துட்டுத்தான் இங்கன வந்தேன். பெரியாஸ்பத்திரி கார்டுதான அது? அதான பாத்தேன், கயிறு பச்சையா இருந்துச்சு. எந்த எடத்துல வேலை? மருந்து குடுக்குற எடத்துலயா! அட என் தங்கம். போன வாரம் ஒரு பிள்ளை பக்கத்துல உக்காந்தேன், அதுவும் இதே கார்டுதான், கேட்டா எக்ஸ்ரே எடுக்குறேன்னுச்சு. எக்ஸ்ரேயை வெச்சு நான் என்ன செய்ய?

ஒண்ணுமில்ல, சும்மா சொன்னேன். தண்ணி குடிக்கிறியா, குடி குடி. பாத்து, சீலையெல்லாம் சிந்துது பாரு. ரெண்டு கையாலயும் பிடிச்சும் சிந்துது. இந்த டிரைவரு ஓட்டுற ஓட்டுக்குக் கொடலே வெளிய வந்துரும்.

கல்யாணம் ஆயிருச்சா? ஆயிருச்சா, நல்லது. பையன் ஒண்ணா? ரொம்ப நல்லது. முகத்தைப் பாத்தாலே தெரியுது, நல்ல எடத்துப் பிள்ளைன்னு. உங்கம்மா குடுத்து வெச்சவுக. எல்லாருக்கும் அப்படி அமைஞ்சிருமா சொல்லு? எனக்கும் ஒண்ணு இருக்குதே. தமயந்தின்னு பேரு. முப்பது ஆகப்போகுது. அதைப் பாக்கத்தான் வாராவாரம் செவ்வாக்கிழமை இந்த வண்டியில போறேன். போய் என்ன, ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்துட்டு வருவேன். உங்க ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு ஜெராக்ஸ் கடை இருக்குல்ல, பேனா பென்சில் எல்லாம் வெச்சிருப்பாக, அங்கதான் வேலை பாக்குறா. எம்.எஸ்சி. கணக்கு படிச்ச பிள்ளை தாயி. அடுத்தவன் ஆதார் கார்டை மூடிக்குள்ள வெச்சுப் பட்டனை அமுக்கிக்கிட்டு நிக்கிறா.

எல்லாம் அந்த டாக்டரம்மா செஞ்ச வேலை. உனக்குத் தெரிஞ்சிருக்கும், ஒம்பதாம் நம்பர் ரூம்பு, மனநல வார்டு. கட்டையா, நரைச்ச முடியா, கண்ணாடி போட்டிருக்கும். தெரியும்ல? அது ஒரு குடும்பத்தைக் கெடுத்த பொம்பளை. நான் சும்மா சொல்லல. கேட்டுட்டு நீயே சொல்லு.

எங்க பாப்பா பள்ளிக்கூடத்துல டீச்சரா இருந்தா. இருபத்தி மூணு வயசு. ஒரு நாள் வந்து சன்னலைப் பூராவும் சாத்துறா. ஏன்டின்னா, பக்கத்து வீட்டுல என்னைப் பத்தியே பேசுறாகம்மாங்குறா. பக்கத்து வீடு பூட்டிக் கெடக்குது, அவுக திருப்பதி போயிருக்காக. சொன்னா நம்பல. குளிக்கல. சாப்பாட்டை மோந்து மோந்து பாத்துட்டு வெச்சிருவா. நாங்க என்ன சும்மாவா இருந்தோம்? எங்க தெரு டாக்டர்கிட்டக் காட்டுனோம், தூக்க மாத்திரை குடுத்தாரு. தூங்கி எந்திரிச்சு மறுபடியும் சன்னலைச் சாத்துனா. அப்புறம் பேசிப் பேசியே சரி பண்றவருன்னு ஒருத்தரு, லாட்ஜுல ரூம் போட்டு மாசம் ரெண்டு நாள் வருவாரு. அவரு ஒரு மணி நேரம் பேசிட்டு, கல்யாணம் பண்ணி வைங்க, சரியாப் போகும்னாரு. நல்ல மனுஷன். அவரு சொன்னதைத்தான் நான் இன்னைக்கு வரைக்கும் நம்புறேன். ஆனா எங்க வீட்ல இருக்காகளே, பலசரக்குக் கடை வெச்சிருக்காக, வாயே தொறக்காத மனுஷன், அன்னைக்கு மட்டும் தொறந்து, பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம்னுட்டாக.

அங்க போய் அந்த வார்டு வாசல்ல பெஞ்சுல உக்காரணும். எனக்கு மேலெல்லாம் கூசுது. தலையில முக்காடு போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். தெரிஞ்சவுக யாராவது பாத்தா கண் டாக்டர்கிட்ட வந்தோம்னு சொல்லிக்கலாம்னு ஒரு பழைய கண்ணாடிக் கூடு கையில வெச்சிருந்தேன். ஒவ்வொரு தடவையும் அதை மறக்காமக் கொண்டு போவேன், பாத்துக்க. இந்தா, இப்பவும் பைக்குள்ள கெடக்குது.

சரி, அந்தம்மா மாத்திரை குடுத்துச்சு. முதல்ல குடுத்தது கேக்கல, ரெண்டாவது குடுத்தது கேக்கல. மூணாவதா ஒண்ணு, சின்னதா, மஞ்சள் கலர்ல. அதுக்கு ஆயிரம் சட்டம். வாராவாரம் ரத்தம் எடுக்கணும், அப்புறம் மாசாமாசம் எடுக்கணும். இன்னொண்ணு சொல்லுச்சு. ரெண்டு நாளு மாத்திரை விட்டுப் போனாக் கூட நீங்களா மறுபடி ஆரம்பிக்கக் கூடாது, எங்கிட்ட வந்து சொல்லணும், அரை மாத்திரையில இருந்துதான் ஏத்தணும், மொத்தமாக் குடுத்தா உசுருக்கே ஆபத்துன்னு. மாத்திரைக்கு இம்புட்டு ராங்கியான்னு நெனச்சுக்கிட்டேன்.

கேட்டுச்சு தாயி. இல்லைன்னு சொன்னா என் நாக்கு அழுகிப் போகும். மூணு மாசத்துல சன்னலைத் தொறந்தா. தலைக்குக் குளிச்சுட்டு, அம்மா மல்லிகைப்பூ வாங்கிக் குடுங்குறா. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுலயே டியூசன் எடுத்தா. ரெண்டு வருஷம். அவ சிரிக்கிற சத்தம் எங்க கடை வரைக்கும் கேக்கும்னு எங்க வீட்ல சொல்லுவாக. நல்லாத்தான் இருந்தா.

ஆனா நல்லா இருந்து என்ன செய்ய? பொம்பளைப் பிள்ளை நல்லா இருக்கான்னா அவளுக்குக் கல்யாணம் ஆகணும்ல? எம் மகன் கோயம்புத்தூர்ல இருக்கான், அவனுக்கு ஒண்ணும் பிரச்சினையில்லாம முடிஞ்சுச்சு. இவளுக்கு வர்ற வரனெல்லாம் வாசல் வரைக்கும் வருது, உள்ள வந்தா நிக்க மாட்டேங்குது. காரணம் என்னங்குற? கை. அந்த மாத்திரை போட்டா கை நடுங்கும். ரொம்ப இல்ல, லேசா. எழுதுனா தெரியாது. சோறு பெசைஞ்சா தெரியாது. தட்டைத் தூக்குனா தெரியும்.

சாத்தூர்ல இருந்து வந்தாக. நல்ல எடம், பையன் பேங்க்குல வேலை. எட்டு பேரு வந்திருந்தாக. நான் எட்டு டம்ளர்ல காபி ஊத்தி எவர்சில்வர் தட்டுல வெச்சு இவ கையில குடுத்தேன். அடுப்படியில இருந்து முன் ரூம்புக்குப் பதினோரு எட்டுதான். நான் எண்ணியிருக்கேன். மூணாவது எட்டுலயே ஆரம்பிச்சிருச்சு. எட்டு டம்ளரும் ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக் கலகலகலன்னு. பேசிக்கிட்டிருந்தவுக எல்லாம் பேச்சை நிப்பாட்டிட்டாக. அந்தச் சத்தம் மட்டும்தான் கேக்குது. மாப்பிள்ளையோட அம்மா பட்டுச் சீலையில காபி கொட்டிருச்சு. அவுக சிரிச்சாக. சிரிச்சாலே தெரியாதா? போய்ச் சொல்லி விடுறோம்னாக. சொல்லி விடல. தரகரு வந்து, பொண்ணுக்கு நரம்புக் கோளாறான்னு கேக்குறாகம்மான்னாரு.

அன்னைக்கு சாயங்காலம் இவ எங்கிட்ட வந்து சொல்றா, அம்மா, அடுத்த தடவை வர்றவுககிட்டச் சொல்லிருவோமே, மாத்திரை போடுறேன்னு, பிடிச்சவுக வரட்டும்னு. வாயிலயே ஒண்ணு போட்டேன். உதடு கிழிஞ்சிருச்சு. பின்ன என்ன தாயி? அந்த டாக்டரம்மா சொல்லிக் குடுத்த பாடம் அது. சொல்லியே செய்ங்கம்மா, எத்தனையோ பேரு சொல்லிச் செஞ்சு நல்லா இருக்காகன்னு எங்கிட்டயும் சொல்லுச்சு. எவன் கட்டுவான்? தெரிஞ்சே எவன் வந்து கட்டுவான்? அதுக்கு என்ன, நாற்காலியில உக்காந்துக்கிட்டுச் சொல்லிரும்.

அதுக்கப்புறம் டெய்லி சாயங்காலம் டியூசன் பிள்ளைக போனதும் நடக்க விட்டேன். எட்டு டம்ளர்ல தண்ணி ஊத்தி, தட்டைக் கையில குடுத்து, அடுப்படியில இருந்து முன் ரூம்பு, முன் ரூம்புல இருந்து அடுப்படி. சத்தம் வந்தா மறுபடியும் முதல்ல இருந்து. இவளும் பல்லைக் கடிச்சுக்கிட்டு நடப்பா. எங்க வீட்ல ஒரு நாள் பாத்துட்டு, போதும் விடுடின்னாக. நீங்க கடையைப் பாருங்கன்னேன். ஒரு மாசம் நடந்தும் அந்தக் கலகலப்பு நிக்கல. மனசு விட்டுப் போச்சு எனக்கு. நான் அழுதேன் தாயி, நெசமாவே அழுதேன். இவ தட்டைக் கீழ வெச்சுட்டு, அழாதம்மா, நாளைக்குச் சரியா நடக்குறேன்னு எங்கண்ணைத் தொடைக்கிறா. அப்படியாப்பட்ட பிள்ளை.

அப்பத்தான் திருமங்கலத்துல இருந்து ஒரு வரன் வந்துச்சு. நாப்பது நாளு கழிச்சு வர்றோம்னாக, அவுக வீட்டுல ஒரு சாவு, துட்டி. நாப்பது நாளு. எனக்குச் சாமியே வழி காட்டுன மாதிரி இருந்துச்சு.

எம் மருமக பிரசவத்துக்கு வந்திருந்தப்ப நர்ஸு குடுத்துட்டுப் போன சத்து மாத்திரை பீரோவுல கெடந்துச்சு. மாசமா இருக்குறவுகளுக்குக் குடுப்பாகளே, சின்னதா, மஞ்சளா, அதுதான். உனக்குத் தெரியாததா. எடுத்துப் பக்கத்துல வெச்சுப் பாத்தேன். கொஞ்சம்தான் வித்தியாசம். பாப்பாவுக்கு ஏழு கட்டம் போட்ட டப்பாவுல ஒவ்வொரு நாளைக்கும் மாத்திரையை நான்தான் போட்டு வைப்பேன். அவளுக்கு அதுல ஒரு நிம்மதி, அம்மா கையால எடுத்து வெச்சதுன்னு. ராத்திரி ரெண்டு. அந்த ரெண்டை எடுத்துட்டு இந்த ரெண்டைப் போட்டேன். இதுல என்ன தப்பு சொல்லு? விஷமா குடுத்தேன்? சத்து மாத்திரைதான. கல்யாணம் ஆகப்போற பிள்ளை முன்னாடியே போட்டாலும் நல்லதுதான.

எண்ணிப் பத்து நாளு. நடுக்கம் நின்னுருச்சு! தலகாணியில எச்சி ஒழுகும், அதுவும் நின்னுருச்சு. முகத்துல ஒரு களை. சாயங்காலம் தட்டைக் குடுத்தேன், ஒரு சத்தமில்ல. அவளுக்கே ஆச்சரியம். அம்மா, பாரும்மா, பாரும்மான்னு வீடு பூரா தட்டைத் தூக்கிக்கிட்டு நடக்குறா. நான் டாக்டரம்மா கிட்டச் சொல்லணும்மாங்குறா. சொல்லுவோம், முதல்ல கல்யாணம் முடியட்டும்னேன்.

இருபது நாளுக்கு மேல ஒரு காலையில வந்து அடுப்படி நிலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. அம்மா, மறுபடியும் கேக்குதும்மான்னா. என்னடின்னேன். பேசுறாகம்மா, மாத்திரை போட்டும் பேசுறாகம்மான்னா. ரேடியோவுல சாமி பாட்டைச் சத்தமா வெச்சு விட்டேன், போய்த் தூங்குன்னேன். தூங்கல. அவளாவே அடம் பிடிச்சு டாக்டரம்மாகிட்டப் போகணும்னா. போனோம். அந்தம்மா எங்கிட்டக் கேக்குது, ரெகுலராப் போடுறாளான்னு. இவ முந்திக்கிட்டு, ஒரு நாள் கூட விடல டாக்டர், எங்கம்மாவே எடுத்துக் குடுக்குறாகன்னா. நானும் ஆமான்னேன். பொய்யா சொன்னேன்? மாத்திரை போடுறா, நான்தான் குடுக்குறேன். அந்தம்மா மூணாக்குச்சு. பத்து நாளு கழிச்சுப் போனப்ப நாலாக்குச்சு. காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டு. என்ன படிச்சிருக்கு பாரு! உள்ள போறது என்னன்னு கண்டுபிடிக்கத் தெரியல, எண்ணிக்கையை ஏத்த மட்டும் தெரியுது.

நானும் கட்டத்துக்கு நாலு போட்டேன். அதை அவ சாப்பிடுறதைப் பாக்கணுமே. கண்ணை மூடிக்கிட்டு, சாமி கும்பிடுற மாதிரி, ஒவ்வொண்ணா. போட்டுட்டு அப்படியே உக்காந்து காது குடுத்துக் கேப்பா, சத்தம் நின்னுருச்சான்னு. ஒரு நாள் சொல்றா, அம்மா, எல்லாம் கைவிட்டாலும் இந்த மாத்திரை என்னைக் கைவிடாதுன்னு நெனச்சேன், இதுவும் கைவிட்டுருச்சு, இனிமே எனக்கு ஒண்ணுமில்லம்மான்னு. எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. இருந்தாலும் இன்னும் ஒரு வாரம்தான, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டா, அவுக வந்து பாத்துட்டுப் போயிட்டா, மறுபடியும் பழைய மாத்திரையைப் போட்டு விட்டுரலாம்னு இருந்தேன். நான் என்ன ஆயுசுக்குமா நிறுத்துனேன்?

வந்தாக. பதிமூணு பேரு. பதிமூணு டம்ளர் தாயி, ரெண்டு தட்டு. ஒரு சொட்டு சிந்தல. ஒரு சத்தமில்ல. சிலை நடந்து வந்த மாதிரி வந்தா. மாப்பிள்ளையோட அம்மா எங்கையைப் பிடிச்சுக்கிட்டு, பொண்ணு என்ன ஒரு நிதானம்னாக. அன்னைக்கே பேசி முடிச்சு, நாலாம் நாளு பூ வைக்க வர்றோம்னுட்டாக. எம் பொழப்புல அப்படி ஒரு சந்தோஷம் நான் பட்டதில்ல.

நாலாம் நாளு வேன்ல வந்தாக. ஏழு தாம்பாளம். பாப்பாவை மனையில உக்கார வெச்சு மாப்பிள்ளையோட அம்மா தலையில பூ வைக்கிறாக. இவ மெதுவாத் திரும்பி அவுக காதுகிட்டக் கேக்குறா, ரொம்ப மரியாதையாக் கேக்குறா, அத்தை, இவுக எல்லாம் என்னைப் பத்திப் பேசுறது உங்களுக்கும் கேக்குதான்னு. அவுக புரியாம, யாரும்மா பேசுறதுன்னாக. கூரையில இருந்து பேசுறாகல்ல, இவ பூவுக்கு ஆக மாட்டான்னு சொல்றாகல்லன்னு சொல்லிட்டு, தலையில வெச்ச பூவை எடுத்து மடியில வெச்சுக்கிட்டு அழுகுறா. தாம்பாளத்தைக் கூட எடுக்காமப் போயிட்டாக. வேன் போற சத்தம் கேட்டு நான் தெருவுல ஓடுனேன். தெருவே நின்னு பாக்குது. இத்தனை வருஷமா நான் மூடி வெச்சது ஒரே நிமிசத்துல சந்தி சிரிச்சுப் போச்சு. அவளை நான் அன்னைக்கு அடிச்ச அடி, வேற எந்தத் தாயும் அடிச்சிருக்க மாட்டா. அதுக்கும் அவ, பேசுறவுக சரியாத்தான் பேசுறாகன்னா.

மறுநாளு எங்க வீட்ல அவுகதான் தூக்கிட்டுப் போய் ஆஸ்பத்திரியில சேத்தது. வார்டுல நர்ஸு கேக்குது, வீட்டுல எத்தனை மாத்திரை போட்டாகன்னு. நாலுன்னேன். ஒரு நாளு கூட விடலையா? விடலைன்னேன். என்ன செய்யச் சொல்ற? எதிர்த்த பெட்டுல எங்க தெருக்காரி ஒருத்தி, தன் நாத்தனாருக்குத் துணைக்கு இருக்கா. காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. அவ முன்னாடி, மாத்திரையை மாத்தி வெச்சேன்னு சொல்ல முடியுமா? தவிர, இப்பத்தான் நர்ஸு கையால அசல் மாத்திரை குடுக்கப் போறாகளே, அதுவா சரியாயிரும்னு நெனச்சேன். அந்தம்மா அன்னைக்கு ஏதோ சொல்லுச்சே, விட்டுப் போனா அரையில இருந்துதான் ஆரம்பிக்கணும்னு, அது ஞாபகம் வந்துச்சு. வராம இல்ல. டாக்டருக எதுக்கும் பயமுறுத்துறதுதான, ஒண்ணும் ஆகாதுன்னு இருந்துட்டேன்.

ராத்திரி ரெண்டு குடுத்தாக. காலையில ரெண்டு குடுத்தாக. பல்லு வெளக்கப் போனவ குளிக்கிற ரூம்பு வாசல்லயே விழுந்துட்டா. கண்ணு மேல போயிருச்சு. நாடி கெடைக்கலைன்னு ஒரு நர்ஸு கத்துது. நாலு பேரு ஓடி வந்து நெஞ்சை அமுக்குறாக. அந்த டாக்டரம்மா செருப்பில்லாம ஓடி வருது. தள்ளிக்கிட்டுப் போறப்ப என் தோளைப் பிடிச்சு உலுக்கி, நெசத்தைச் சொல்லுங்கம்மா, மாத்திரை போட்டாளா இல்லையா, உங்க மக உசுரு தொங்குதுன்னுச்சு. போட்டான்னேன். ஏழு தடவை கேட்டிருக்கும். ஏழு தடவையும் போட்டான்னேன். எங்க வீட்ல அவுக செவுத்தைப் பாத்துக்கிட்டு நின்னாக.

என்ன தாயி, ஏன் அப்படிப் பாக்குற? பொழச்சுக்கிட்டா. மூணு நாளு மிஷின்ல இருந்தா. பொழச்சுக்கிட்டான்னு சொல்றேன்ல. அதுல டாக்டரம்மா பங்கு ஒண்ணுமில்ல, நான் வேண்டாத சாமியில்ல.

கேடு எங்க வந்துச்சுன்னா அந்த டப்பாவுல வந்துச்சு. எங்க வீட்டு மனுஷன் மாத்துத்துணி எடுக்கப் போனவுக ஏழு கட்டம் டப்பாவையும் சேத்து எடுத்துட்டு வந்து அந்தம்மா கையில குடுத்துட்டாக. தெரியாமக் குடுத்தாகளா, தெரிஞ்சே குடுத்தாகளான்னு நான் இன்னைக்கு வரைக்கும் கேக்கல, கேக்கவும் மாட்டேன். அந்தம்மா ஒரு மாத்திரையை எடுத்து வெளிச்சத்துல பாத்துச்சு. என்னையும் ஒரு பார்வை பாத்துச்சு. டப்பாவை மூடிக் கையிலயே வெச்சுக்கிருச்சு. சரி, பெரிய மனுஷி, மூடி வெச்சுக்கிரும்னு நம்புனேன். பாப்பா எந்திரிச்சு உக்காந்த அன்னைக்கு என்னை வெளிய அனுப்பிட்டு அவகிட்டச் சொல்லிருச்சு! ஒரு தாய்க்கும் மகளுக்கும் நடுவுல வந்து இப்படிச் செய்யலாமா? நீ சொல்லு, செய்யலாமா?

நான் கதவுக்கு வெளிய நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். கத்துவா, அழுவான்னு பாத்தேன். சிரிக்கிறா தாயி. ரெண்டு வருஷமாச் சிரிச்சாளே, அந்தச் சிரிப்பு. சிரிச்சுக்கிட்டே கேக்குறா, அப்ப மாத்திரை என்னைக் கைவிடலியா டாக்டர்னு. இல்லம்மா, கைவிடலைன்னு அந்தம்மா சொல்லுது. இவ மறுபடியும் மறுபடியும் அதையே கேக்குறா. கைவிட்டது மாத்திரை இல்லல்லன்னு. பெத்தவளைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. அம்மா ஏன் செஞ்சாகன்னு ஒரு வார்த்தை கேக்கல.

அதுல இருந்து வீட்டுக்கு வரல. ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி லேடீஸ் ஹாஸ்டல்ல இருக்கா. மாசாமாசம் ரெண்டாம் செவ்வாக்கிழமை, இன்னைக்குத்தான், அவளே வந்து அவளே மாத்திரை வாங்கிக்கிறா. எப்பவாச்சும் ரோட்டைத் தாண்டி நான் போய் நின்னா, வாங்கம்மாங்குறா, ஒக்காருங்கம்மாங்குறா, எல்லா மரியாதையும் குடுப்பா. ஆனா எங்கையால ஒண்ணும் வாங்க மாட்டா. பச்சத் தண்ணி வாங்க மாட்டா. போன மாசம் எள்ளுருண்டை கொண்டு போனேன். வாங்கலை. நான் ஒண்ணைத் தின்னு காட்டுறேன், அப்பவும் தலையை ஆட்டுறா. பத்து மாசம் சொமந்தவ கையில இருந்து எள்ளுருண்டை வாங்க மாட்டேங்குறா. இந்த வயித்தெரிச்சலை நான் யார்கிட்டப் போய்ச் சொல்ல?

பாரு, ரயில்வே கேட் போட்டுட்டான். இனி அரை மணி நேரம். இஞ்சினையும் நிப்பாட்டிட்டான். அதுவும் நல்லதுக்குத்தான், சத்தமில்லாமப் பேசலாம்.

இங்க பாரு தாயி. உன்னைப் பாத்ததும் எனக்கு எம் மக மாதிரி தோணுச்சு, அதான் மனசு விட்டுச் சொல்றேன். இப்ப ஒரு வரன் வந்திருக்கு. திருப்பூர்ப் பக்கம், ரெண்டாந்தாரம், நம்ம ஊர்ச் சங்கதி ஒண்ணும் தெரியாது. அடுத்த மாசம் ஹாஸ்டலுக்கே வந்து பாக்குறோம்னுட்டாக. பாப்பாகிட்ட இன்னும் சொல்லல. சொன்னா வேண்டாம்பா. நேர்ல வந்து நின்னா எப்படி வேண்டாம்னு சொல்லுவா? ஆனா அவ கை. இப்பவும் நடுங்குது. ஜெராக்ஸ் பேப்பரை எடுத்துக் குடுக்குறப்ப ரோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தே எனக்குத் தெரியுது.

ஒரு மாசம்தான் தாயி. ஒரே ஒரு மாசம். இந்தா, இந்தப் பொட்டலம். எண்ணி வெச்சிருக்கேன், அதே மஞ்சள், அதே அளவு. மதியம் அவ மருந்துச் சீட்டைக் கொண்டாந்து உங்கிட்டத்தான் நீட்டுவா. தமயந்தின்னு பேரு போட்டிருக்கும். நீங்க கவர்ல உதிரியாத்தான போட்டுக் குடுப்பீங்க? அதைப் போடுறதுக்குப் பதிலா இதைப் போட்டுக் குடுத்துரு. உங்கையால குடுத்தா வாங்கிக்குவா. எங்கையாலதான் வாங்க மாட்டா. பிடி, யாரும் பாக்குறதுக்குள்ள பிடி.

ஏன் தாயி, பொட்டலம் இப்படிச் சலசலங்குது? பஸ்ஸுதான் நிக்குதே. இஞ்சின் கூட ஓடலையே. உங்கை ஏன் இப்படி நடுங்குது?

என்னது?

ஒம்பது வருஷமாவா? நீயும் அந்த மாத்திரையா? அதே டாக்டரம்மாகிட்டயா?

குடு அந்தப் பொட்டலத்தை. குடுங்குறேன்ல. இம்புட்டு நேரம் வாயைத் தொறக்காம உக்காந்து என் வீட்டுக் கதையைப் பூராவும் கேட்டுருக்கியே, முதல்லயே சொல்லியிருக்கக் கூடாது? உன்னையப் போய் மருந்து குடுக்குற எடத்துல வெச்சிருக்காகளே. பையன் வேற இருக்குன்ன. பையனை யாரு பாத்துக்குறா? தள்ளு, எங்காலு படுது.

இரு, இரு. உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா? தெரியாதுல்ல?

தெரியுமா? எப்ப? முன்னாடியேவா? யாரு சொன்னது, உங்கம்மாவா? பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே, காபி குடுக்குறதுக்கு முந்தியேவா சொன்னாக?

அப்ப காபியை யாரு கொண்டாந்தது? நீயே கொண்டாந்தியா, தட்டு குலுங்கக் குலுங்க? அவரு எந்திரிச்சு வந்து தட்டை வாங்கிக்கிட்டாரா? மாப்பிள்ளையா? அம்புட்டுப் பேரு முன்னாடியுமா?

கேட்டைத் தொறந்துட்டான். நான் முன்னாடி சீட்டுல இருக்குற அம்மா பக்கத்துல போய் உக்காந்துக்கிறேன். உன் பையை எடு, என் சீலை மாட்டுது. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு, போயிர்றேன். தெரிஞ்சே வந்து உன்னைக் கட்டியிருக்காருன்னா, அவருக்கு என்ன கொறை?